நாகபுரி மாநாடும் நம் இல்லறமும்

1942ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 20ஆம் நாள், நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்ட வகுப்பு மகளிர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் உரையாற்றினார். திருமணம் ஒரு பெருஞ்சுமை. பொருள் வளம் எய்துமுன் அதனை மக்கள்மீது சுமத்தலாகாது. அவர்களுக்குக் கல்வியளித்தல் வேண்டும். மனைவி கணவனுக்குத் தோழியேயன்றி அடிமையல்லள் என்பன அவர்தம் அறிவுரைகள்.

அந்நாளில் சட்டம் வகுத்த பெண்ணின் மணவயது 14. அது 18 ஆக உயர்ந்தது 1978இல்தான். சட்டம் விழிக்குமுன்னரே நம் அன்னையர் அவ்வுரையைக் கேட்டனர்.

ஆயினும், பத்தாம் வகுப்பு முடியுமுன் மகளின் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் தந்தையரை என் பணிக்காலத்தில் கண்டுள்ளேன். சிலர் முகூர்த்த நாளும் குறித்தே வந்தனர்.

இளைஞர்களே! கடன்பட்டு நடத்தும் மணவிழா மூன்று நாளில் முடியும். கடனோ பேரன் தலைமுறையையும் தொடரும். அப்பொருளை மகளின் படிப்பிற்கு ஈவீர். மணந்தபின் மனைவியைத் தோழியாக மதிப்பீர். அதுவே அண்ணலுக்கு நாம் செலுத்தும் நன்றி.