தொல்ஜாபி: ஒரு கொரியக் குழந்தையின் ஆண்டு நிறைவும் சில பழைய அச்சங்களும்

சென்ற ஆண்டு புரட்டாசி பிறந்த சமயம். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் குடியிருக்கும் கொரியப் பெண்மணி கையில் ஒரு தாளுடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய கணவர் திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். மகனுக்கு அடுத்த மாதம் ஓராண்டு நிறைகிறது. விழாவுக்கு நகரத்து ஓட்டல் ஒன்றில் சிறு கூடம் பேசி முடித்துவிட்டார்கள். தாளில் வேண்டிய பொருள்களின் பட்டியல் இருந்தது. நூல்கண்டு, சிறிய வில், தூரிகை, அரிசி, சோளமாவு, சிவப்புப் பயறு.

ஓட்டலில் விருந்து ஏற்பாடுகளைக் கவனிப்பவர், எந்தக் கார்ட்டூன் பாத்திரத்தை வைத்து மேடை அலங்காரம் செய்யலாம் என்று கேட்டாராம். அவருக்கு நூல்கண்டை விளக்கிச் சொல்ல இந்தத் தாயால் முடியவில்லை. "மேடம், வில் எங்கே கிடைக்கும்?" என்று என்னிடம் கேட்டார். தமிழ் கற்பிக்கிறவளுக்கு வில்லைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் கொலு பொம்மைகள் வந்து இறங்கியிருந்தன. இராமர் பொம்மையோடு வரும் வில் ஒன்றைத் தனியே வாங்கிக்கொண்டோம். தியாகராய நகரில் நூல்கண்டும், உஸ்மான் சாலையில் குழந்தைக்கு ஒரு தங்க மோதிரமும் வாங்கினோம். சிவப்புப் பயற்றுக்குப் பதிலாகச் சிவப்புக் காராமணி போதும் என்று முடிவாயிற்று. கொரியாவில் முதலாண்டு விழாவுக்குப் பொன் மோதிரம் தருவது வழக்கம். அவர்கள் கணக்கில் ஒரு 'தொன்' 3.75 கிராம். நம் சவரனோ 8 கிராம். கடைக்காரருக்கு இந்தக் கணக்கைப் புரியவைப்பதற்குள் அரைமணி நேரம் போயிற்று. இந்த அலைச்சலில்தான் இவ்விழாவின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

விழாவின் பெயர் 'தொல்ஜாஞ்சி'. 'ஜாஞ்சி' என்றால் விருந்து. 'தொல்' என்பது ஓராண்டு சுழன்று நிறைவதைக் குறிக்கும். தமிழாசிரியர் எவருக்கும் 'தொல்' என்ற ஒலியைக் கேட்டதும் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் இராது. எனக்கும் வந்தது. ஆனால் அந்த வழியில் நான் போக விரும்பவில்லை. கொரியர் தாயை 'ஒம்மா' என்றும் தந்தையை 'அப்பா' என்றும் அழைப்பதை வைத்து நம்மில் பலர் எழுதியாயிற்று. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இலேயே ஒரு இலக்கணம் எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் 'சம்குக் யூசா' என்னும் நூல், கி.பி. 48-இல் 'ஆயுதா' என்ற நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து அரசியான ஹோ ஹ்வாங்-ஓக்கின் கதையைச் சொல்கிறது. அந்த ஆயுதா அயோத்தி என்று சிலரும் தமிழ்க் கடற்கரை என்று சிலரும் வாதிடுகிறார்கள். தாய் தந்தையரைக் குறிக்கும் மழலைச் சொற்கள் உலகின் பல மொழிகளில் ஒத்திருப்பதற்கான காரணத்தை ரோமன் யாக்கப்சன் விளக்கியிருக்கிறார். குழந்தையின் வாய்க்கு முதலில் எளிதாக வருவன அந்த ஒலிகளே. ஒலியொப்புமை கொண்டு உறவு பேசுவதில் எச்சரிக்கை தேவை என்பதே என் எண்ணம். நான் கண்ட ஒற்றுமை வேறிடத்தில் இருந்தது.

பழைய கொரியாவில் குழந்தை பிறந்ததும் வாசலில் வைக்கோற் புரி கட்டுவார்கள். ஆண் குழந்தையானால் அதில் சிவப்பு மிளகாயும் கரித்துண்டும், பெண்ணானால் ஊசியிலைத் தளிரும் கரியும் செருகுவார்கள். 21 நாள்வரை அயலார் உள்ளே வரலாகாது. நூறாம் நாள் ஒரு விழா. அதைத் தாண்டினால் முதலாண்டு விழா. அன்று விடியலில் 'சம்சின் ஹல்மோனி' என்னும் பேற்றுத் தெய்வத்துக்குச் சோறும் கடற்பாசிச் சாறும் நீரும் படைப்பார்கள். 'ஹல்மோனி' என்றால் பாட்டி. நம் ஊர்ப்புறங்களில் கருவுற்றவளையும் கைக்குழந்தையையும் காக்கும் தெய்வத்தைப் பெரியாச்சி என்கிறோம். அங்கும் இங்கும் அந்தத் தெய்வம் ஒரு கிழவிதான்.

விழா மேசையில் தூய்மைக்கு அடையாளமாக, அரிசிமாவை ஆவியில் வேகவைத்த வெள்ளைப் பலகாரம் இருக்கும். சோளமாவு உருண்டைகளைச் சிவப்புப் பயற்றுப் பொடியில் புரட்டி வைப்பார்கள். சிவப்பு, தீயவற்றை விரட்டும் என்பது நம்பிக்கை. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவந்த நீரால் ஆரத்தி சுற்றுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விழாவின் உச்சம் 'தொல்ஜாபி'. 'ஜாபி' என்பது பற்றுதல். குழந்தையின் முன் பொருள்களைப் பரப்புவார்கள். நூலை எடுத்தால் நீண்ட ஆயுள், தூரிகையை எடுத்தால் கல்வி, வில்லை எடுத்தால் வீரம், அரிசியை எடுத்தால் வளம். பெண் குழந்தைக்கு வில்லுக்குப் பதில் அளவுகோலும் கத்தரியும் வைப்பதுண்டு. இவ்வழக்கத்தின் பழைய சான்று சீனத்தில் கிடைக்கிறது. ஆறாம் நூற்றாண்டினரான யான் ஷிதுய், தம் குடும்பத்தாருக்கு எழுதிய அறிவுரை நூலில், தென்னாட்டார் ஓராண்டு நிறைந்த குழந்தையின் முன் வில், அம்பு, தாள், தூரிகை முதலியவற்றை வைத்துச் சோதிக்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். அர்மேனியரிடம் முதற்பல் முளைக்கும்போது இதே சடங்கு உண்டு. வங்காளத்தில் அன்னப்பிராசனத்தன்று மண், பொன், நூல், எழுதுகோல் வைத்து எடுக்கச் சொல்வார்கள்.

கொரியச் சான்றுகளுள் இரண்டு என்னை மிகவும் பாதித்தன.

ஒன்று, யீ முன்-கொன் என்னும் அறிஞர் எழுதிய 'யாங்-ஆ-ரோக்'. 1545-இல் நடந்த அரசியல் களையெடுப்பில் பதவி இழந்து சொங்ஜு என்னும் ஊருக்கு நாடுகடத்தப்பட்டவர் அவர். பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோரைப் பறிகொடுத்தவர். 1551-இல் பேரன் பிறந்தான். அவன் வளர்ப்பை 1566 வரை குறித்து வைத்தார். கொரியாவில் கிடைத்துள்ள மிகப் பழைய குழந்தை வளர்ப்புக் குறிப்பாக அது போற்றப்படுகிறது. முதலாண்டு விழாவில் பேரன் முதலில் தூரிகையையும் மையையும் எடுத்ததைத் தாத்தா மகிழ்ந்து எழுதிவைத்தார். ஆனால் வளர்ந்த பையன் படிப்பில் ஊன்றவில்லை, இளவயதிலேயே குடித்தான். கிழவர் அவனை அடித்தார். அடித்ததற்காகத் தம்மையே நொந்துகொள்ளும் பாடலோடு குறிப்புகள் முடிகின்றன. தூரிகையை எடுத்த கைக்கும் பின்வந்த வாழ்வுக்கும் இடையே இருந்த தொலைவை அவர் மறைக்கவில்லை.

மற்றொன்று அரண்மனைச் செய்தி. ஜொங்ஜோ மன்னரின் மூத்த மகன் 1786-இல் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். நான்காண்டுகள் கழித்து, 1790-இல் அடுத்த மகன் பிறந்தான். 1791-இல் அவனுக்கு நடந்த முதலாண்டு விழாவை அரசவைக் குறிப்பு பதிவு செய்திருக்கிறது. ஊதா நிறப் பட்டாடை அணிந்திருந்த குழந்தை முதலில் வண்ண நூலை எடுத்தது, பிறகு அம்பையும் இசைக்கருவியையும் எடுத்தது. ஒரு மகனை இழந்த தந்தைக்கு நூல் என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அந்தக் குழந்தைதான் பின்னாளில் சுன்ஜோ மன்னராக 1800 முதல் 1834 வரை ஆண்டவர்.

நம் இலக்கியத்திலும் இந்த அச்சம் உண்டு. ஆனால் அதை நாம் அழகு என்றே படித்துப் பழகிவிட்டோம். பிள்ளைத்தமிழின் முதற்பருவம் காப்பு. தெய்வங்களையெல்லாம் அழைத்துக் குழந்தையைக் காக்க வேண்டிய பிறகே செங்கீரையும் தாலும் சப்பாணியும் முத்தமும் வருகின்றன. குழந்தையைத் தளிர்நடையிட்டு வரச்சொல்லும் வருகைப் பருவம் ஏறக்குறைய ஓராண்டு நிறைவை ஒட்டி அமைகிறது. ஐம்படைத்தாலி என்பது திருமாலின் ஐந்து படைக்கலங்களைச் சிற்றுருவாக்கிக் குழந்தை கழுத்தில் கட்டும் காப்பு. அதில் வில்லும் ஒன்று. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் தாலி களையாத இளமையிலேயே களம் புகுந்தான் என்று புறநானூற்றின் 77-ஆம் பாட்டு வியக்கிறது. கொரியர் வில்லைக் குழந்தையின் முன் வைத்தார்கள், நாம் கழுத்தில் கட்டினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய கொரியாவில் குழந்தைக்கு 'நாய்ச்சாணம்' என்று பொருள்படும் செல்லப்பெயர் வைப்பதுண்டு. இழிந்த பெயரைக் கேட்டால் கொடிய ஆவிகள் விலகிவிடும் என்ற நம்பிக்கைதான். இதை அப்பெண்மணி சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. எனக்கு முன் பிறந்த அண்ணன் பதினோராம் மாதத்தில் இறந்தான். நான் பிறந்ததும் பாட்டி என்னைக் குப்பைமேட்டில் ஒருமுறை கிடத்தி எடுத்து, குப்பம்மாள் என்று கூப்பிட்டாளாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் வேறு பெயர் வந்தது. குப்புசாமி, பிச்சை, மூக்கன் என்ற பெயர்களுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டிலும் பிழைக்காத ஒரு குழந்தை இருக்கக்கூடும். ஆண்டு நிறைவும் ஆயுஷ்ஹோமமும் முடியிறக்குதலும் காதுகுத்தும் அந்தக் குழந்தைகளின் நினைவிலிருந்து எழுந்தவை என்றே நான் கருதுகிறேன்.

இனிச் சென்னையில் கொரியர் வந்த கதை. கொரியப் போருக்குப் பின், வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்று நடுநிலை நாடு கேட்ட 88 போர்க்கைதிகளை இந்தியா ஏற்றது. அவர்களுள் 76 பேர் கொரியர், 12 பேர் சீனர். 1954 பிப்ரவரியில் அவர்களை ஏற்றிய கப்பல் வந்து சேர்ந்தது சென்னைத் துறைமுகத்துக்குத்தான். இங்கிருந்து தில்லிக்கு அனுப்பப்பட்ட அவர்களுள் பலர் பின்னர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சென்றனர். சிலர் இங்கேயே தங்கினர். சோய் இன்-ஹுன் 1960-இல் எழுதிய 'சதுக்கம்' என்னும் நாவலின் நாயகன் இப்படிப்பட்ட ஒரு கைதி. நாவலில் கப்பலுக்குப் பெயர் 'தாகூர்'. அவன் கரை சேர்வதில்லை, கடலில் மறைந்துவிடுகிறான். கொரிய இலக்கியத்தின் முதன்மையான நாவல்களுள் ஒன்றாகக் கருதப்படும் அது நம் துறைமுகத்தோடு இப்படித் தொடர்புடையது என்பது நம் வாசகர் பலருக்கும் புதிய செய்தியாக இருக்கலாம்.

அவர்கள் குடும்பமின்றி வந்தவர்கள். குடும்பத்தோடு கொரியர் வரத்தொடங்கியது, 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இங்கே கிளை தொடங்கி இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்த பின்னர்தான். 1998-இல் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2004-இல் பாரிஸ் மிட்டாய் நிறுவனத்தை லோட்டே வாங்கியது. 2006-இல் இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான 'இன்கோ' சென்னையில் தொடங்கப்பட்டது. மூன்று நான்காண்டுப் பணிக்காக வருபவர்கள், சிறு குழந்தைகளோடு வருபவர்கள், இங்கேயே பெற்றெடுப்பவர்கள் என்று இந்த ஊரில் ஒரு கொரியத் தலைமுறையே வளர்ந்து போயிருக்கிறது. பெரும்பாலோர் திரும்பிவிடுவார்கள். ஓராண்டு நிறைந்த குழந்தைக்கு இந்த ஊர் நினைவிலும் இராது.

விழா வீட்டைவிட்டு ஓட்டலுக்குப் போனதும் கொரியாவில் நடந்த மாற்றம்தான். மேசைப் பொருள்களும் மாறிவிட்டன. இப்போது மருத்துவரின் குழல், நீதிபதியின் சுத்தியல், ஒலிவாங்கி, கணினிச் சுட்டி ஆகியனவும் இடம்பெறுகின்றன. வயதுக் கணக்கும் மாறிற்று. பழைய வழக்கப்படி பிறக்கும்போதே குழந்தைக்கு ஒரு வயது. 2023 ஜூனில் சட்டம் அந்தக் கணக்கைக் கைவிட்டது. அதே ஆண்டு அந்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி மகப்பேறு 0.72 ஆகக் குறைந்தது. 2024-இல் 0.75. தமிழ்நாட்டில் 2020-இன் கணக்குப்படி 1.4. ஒரு காலத்தில் பிறந்த குழந்தை தங்குமா என்று அஞ்சினார்கள். இன்று தங்குவது பற்றி ஐயமில்லை, பிறப்பதே அரிதாகிவிட்டது. தங்கிவிட்டது என்று ஆறுதல் கொள்ளப் பிறந்த ஒரு விழா, அச்சம் நீங்கிய பின்னும் ஏன் இத்தனை கவலையோடு நடத்தப்படுகிறது என்ற கேள்வி எனக்கு இருந்தது.

விழாவன்று அதற்கு ஓரளவு விடை கிடைத்தது. குழந்தை வரிவரியாக வண்ணம் தைத்த சட்டையில் வந்தான். உடல்நலமின்றி வரமுடியாத பாட்டி கைப்பேசித் திரையில் இருந்தார். ஏதேனும் ஒரு பொருளை நானும் வைக்க வேண்டும் என்று தாய் கேட்டிருந்தார். வீட்டில் இருந்த பழைய எழுத்தாணியின் கூர்முனையில் துணி சுற்றிக் கொண்டுபோய் வைத்தேன். குழந்தை அதைப் பார்க்கவேயில்லை. வில்லைத் தட்டிவிட்டான். அரிசிக் கிண்ணத்தில் கைவிட்டு அளைந்தான். பிறகு தியாகராய நகரில் வாங்கிய நூல்கண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். கூடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். திரையில் இருந்த பாட்டி மட்டும் கைதட்டாமல் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய தாய்க்குப் பிறந்த எட்டுப் பேரில் நால்வர்தாம் தங்கினார்கள் என்று தாய் பின்னர் என்னிடம் சொன்னார்.

மறுநாள் வெள்ளை அரிசிப் பலகாரத்தை ஒரு தட்டில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது, அரிசியோ நூலோ வைத்துத் தர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம் என்று ஏற்கெனவே படித்திருந்தேன். படிக்காமல் இருந்தாலும் வெறும் தட்டாகத் திருப்பியிருக்கமாட்டேன். என் அம்மா அப்படித் திருப்பியதில்லை. ஒரு பிடி பச்சரிசியும் ஒரு நூல்கண்டும் வைத்துத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.