ஹீலா செல்களும் அவற்றுள் மறைந்திருந்த வைரசும்

1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து அவருடைய இசைவைக் கேளாமலே எடுக்கப்பட்ட திசுத்துணுக்கு, ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வகத்தைச் சென்றடைந்தது. கோழியின் பிளாஸ்மா, மாட்டுக் கருவின் சாறு, தொப்புள்கொடிக் குருதியின் சீரம் ஆகியவை கலந்த ஊட்டத்தில், மெல்லச் சுழலும் உருளையில் செருகிய கண்ணாடிக் குழாய்களில் அங்கே திசுக்கள் வளர்க்கப்பட்டன. பிற மனிதத் திசுக்கள் விரைவிலேயே மடிந்துபோக, இவை மட்டும் ஏறத்தாழ நாளுக்கொரு முறை இரட்டித்தன. உடலுக்கு வெளியே இவ்வாறு ஓயாமல் பெருகிவரும் செல்களின் வழித்தொடரே செல் வரிசை எனப்படும். நோயாளியின் பெயரெழுத்துகளால் இதற்கு ஹீலா என்று பெயரிட்டனர். லாக்ஸோ அதே ஆண்டு அக்டோபரில் இறந்துவிட்டார்.

போலியோ தடுப்பூசி ஆய்வு உட்படப் பல பணிகளுக்கு இச்செல்கள் உலகெங்கும் அனுப்பப்பட்டபோதும், அவை சாகாமைக்கான காரணம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விளங்கவில்லை. ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழுவினர், பாப்பிலோமா வைரசின் 16ஆம் வகையை 1983இலும் 18ஆம் வகையை 1984இலும் கருப்பைவாய்ப் புற்றுக்கட்டிகளில் கண்டறிந்த பிறகே, 18ஆம் வகையின் மரபணுத் துண்டுகள் ஹீலாவின் குரோமோசோம்களில் ஒட்டியிருப்பது தெரியவந்தது.

அதன்பின், வேறு நோக்கங்களுக்காக முன்னரே உருவாக்கப்பட்டிருந்த பிற கருப்பைவாய்ப் புற்றுச் செல் வரிசைகளும் புதுப்பொருள் பெற்றன. சிஹா செல்லில் 16ஆம் வகை மரபணுவின் ஓரிரு படிகளே இருக்க, காஸ்கி செல்லில் ஏறத்தாழ 600 படிகள் இருந்தன. எனினும் மிகுதியாகக் கற்பித்தது வைரசே இல்லாத சி-33ஏ வரிசைதான் எனலாம். வைரசின் இ6 என்னும் புரதம், செல்பிரிவுக்குக் கடிவாளமிடும் பி53 என்ற புரதத்தைச் சிதைக்கிறது. இ7 புரதமோ ஆர்பி என்ற மற்றொரு காவற்புரதத்தை முடக்குகிறது. சி-33ஏ செல்லில் இவ்விரு காவற்புரதங்களின் மரபணுக்களும் திரிந்து பழுதுபட்டிருப்பது 1991இல் தெரிந்தபோது, வைரஸ் செய்யும் வேலையை அங்கே மரபணுத் திரிபே செய்து முடித்திருப்பது புலனாயிற்று.

2000ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தினர் ஹீலாவிலுள்ள வைரஸ் மரபணுக்களை அடக்கிப் பார்த்தனர்; அரை நூற்றாண்டாகப் பெருகிவந்த அச்செல்கள், பிரிவதை நிறுத்தி முதுமையடைந்தன.