நியூட்டன் வைத்த ஸ்கேல்

1676 அக்டோபரில் ஐசக் நியூட்டன் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஓல்டன்பர்க் என்பவர் வழியாகக் கணிதவியலாளர் லைப்னிட்ஸுக்குப் போக வேண்டிய கடிதம் அது. அதில் கட்டம் போட்ட ஒரு படம் இருந்தது. சமன்பாட்டின் உறுப்புகளுக்குரிய கட்டங்களில் நட்சத்திரக் குறிகள், அவற்றின் அடியோரத்தைத் தொட்டபடி ஒரு ஸ்கேல். நான் சொல்ல வந்தது அந்த ஸ்கேலின் கதை.

'ஒய் ஸ்கொயர் சமம் எக்ஸ் க்யூப்' என்ற வளைகோடு ஆதிப்புள்ளிக்கு வந்ததும் பறவை அலகு போலக் கூராகிவிடும். முதல்படிப் பகுதி வகைக்கெழுக்கள் இரண்டும் அங்கே பூச்சியம். கால்குலஸ் வாய் திறக்காது. இப்படிப்பட்ட இடம்தான் சிங்குலர் புள்ளி. சமன்பாட்டின் அடுக்குகளின்படி ஒய் அச்சில் 2, எக்ஸ் அச்சில் 3 என்று புள்ளி வைத்து, இரண்டையும் ஸ்கேலால் சேருங்கள். அந்தக் கோட்டின் சாய்வே விடையைச் சொல்லிவிடும்: ஒய் என்பது எக்ஸின் 3/2 அடுக்கு. இப்படியே படிப்படியாகப் போனால் வளைகோட்டின் கிளைகள் அத்தனையும் பின்ன அடுக்குத் தொடர்களாகக் கிடைக்கும் என்பதை 1850இல் பிரான்சின் ப்யூஸோ நிறுவினார்.

கடிதம் எழுதி சரியாக 300 ஆண்டு கழித்து, 1976இல், கணிதவியலாளர் குஷ்னிரென்கோ, அதே கோடு இரண்டு அச்சுகளோடு சேர்ந்து அமைக்கும் முக்கோணத்திலிருந்து மில்னர் எண்ணை எடுத்தார். சார்பைச் சற்றே அசைத்தால் அந்தப் புள்ளி எத்தனை சாதாரண நிலைப்புள்ளிகளாகப் பிரியும் என்பதே அந்த எண். பரப்பு 3, அதை இரட்டித்து, பக்கங்கள் 3, 2 இரண்டையும் கழித்து, 1 கூட்டினால் 2. எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. மில்னர் எண் மாறாதவரை வளைகோட்டின் இடவியல் வகையும் மாறாது என்று காட்டிய கட்டுரையும் அதே ஆண்டில்தான் வந்தது. எழுதியவர்கள் லே துங் ட்ராங்கும் சென்னையில் பிறந்த சி.பி. ராமானுஜமும். அச்சில் பார்க்க ராமானுஜம் இல்லை. 1974இல், 36 வயதில் போய்விட்டார்.

எல்லாச் சமன்பாடும் ஸ்கேலுக்கு இப்படிப் படியாது. அப்போது கணினி வேண்டும். கணினி இதைப் பல்லுறுப்புக்கோவைகளை வகுத்துத்தான் செய்கிறது; வகுக்க உறுப்புகளை வரிசைப்படுத்த வேண்டும். ஆனால் சிங்குலர் புள்ளியருகே சிறிய அடுக்குதான் முதலில் வரவேண்டும். அந்த வரிசையில் எக்ஸை 'எக்ஸ் கழித்தல் எக்ஸ் ஸ்கொயர்' ஆல் வகுக்கப் போனால் மீதி தீரவே தீராது. அதற்கு 1982இல் வழி கண்டவர் இத்தாலியின் மோரா. கிழக்கு பெர்லினில் முளைத்து கைசர்ஸ்லவுட்டர்னில் வளர்ந்த 'சிங்குலர்' மென்பொருள் அந்த வழியில் நடப்பது. ஸ்கேல் வரையும் கோடுகளால் ஆன நியூட்டன் பலகோணத்துக்கென்று ஒரு கட்டளையும் அதில் உண்டு.

அந்த மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இறக்கிக்கொள்ளுமுன், கட்டம் போட்ட நோட்டில் ஒருமுறை நீங்களே புள்ளி வைத்து ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.