மெதக் பேராலயம்: ஒரு சிற்றூர் மெதடிஸ்ட் சபையின் வளர்ச்சி

மெதக் பேராலயம் தெலங்கானா மாநிலத்தின் மெதக் நகரில் உள்ள கிறிஸ்தவத் தேவாலயம். ஹைதராபாத்துக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இந்தச் சிற்றூரில் இங்கிலாந்தின் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் இதைக் கட்டியது. 1914-ல் தொடங்கிய கட்டுமானம் பத்தாண்டுகள் நடந்தது. 1924 டிசம்பர் 25 அன்று ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இன்று இது தென்னிந்தியத் திருச்சபையின் மெதக் பேராயத்துக்குத் தலைமை ஆலயம்.

மிஷனின் வருகை

மெதடிஸ்ட் இயக்கம் 18-ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லியால் இங்கிலாந்துத் திருச்சபைக்குள் தொடங்கப்பட்டது. ஒழுங்குமுறையான ஜெபமும் வாழ்வும் அதன் அடிப்படை. சிறு குழுக்களாகக் கூடுவதும், குருப்பட்டம் பெறாதவர்களும் பிரசங்கம் செய்வதும் அதன் தனித்தன்மைகள். குருமார் அதிகம் இல்லாத கிராமப்புறங்களில் சபைகளை உருவாக்க இந்த முறை உதவியது.

நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில் செகந்தராபாத் ஆங்கிலேயப் படைகளின் பாசறை நகரம். வெஸ்லியன் மிஷனரிகள் அங்கிருந்து தெலுங்கு பேசும் கிராமங்களுக்குச் சென்றனர். சார்லஸ் வாக்கர் பாஸ்நெட் 1895-ல் செகந்தராபாத் வந்து, முதலில் படைவீரர்களிடையே பணிசெய்தார். பின்னர் மெதக்குக்குச் சென்று, அந்த ஊரையே தம் பணிக்களமாக்கிக்கொண்டார். அவருடைய சகோதரி எமிலி பாஸ்நெட்டும் மெதக்கில் ஊழியம் செய்தார்.

கிராமங்களில் சபை

மெதக் சபையின் வளர்ச்சி ஊருக்குள் நடந்ததைவிட ஊருக்கு வெளியே இருந்த சேரிகளிலேயே அதிகம் நடந்தது. திருமறையை ஏற்றவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த விவசாயக் கூலிகள். அவர்கள் தனித்தனியாக அல்லாமல் உறவினர்களோடும் குடியிருப்போடும் சேர்ந்தே வந்தனர். அக்காலத்தில் சமஸ்தானத்தில் ‘வெட்டி’ என்னும் கூலியில்லாக் கட்டாய உழைப்பு வழக்கத்தில் இருந்தது. ஊர்க்கிணற்றில் நீரெடுக்கவும் ஊர்ப்பள்ளியில் சேரவும் இம்மக்களுக்கு இடமில்லை. சேரிக்குள்ளேயே குடியிருந்து எழுத்துக் கற்பித்த உபதேசியாரும், நோயாளியைத் தொட்டு மருந்து கொடுத்த மிஷன் செவிலியரும் அவர்களுக்குப் புதிய அனுபவம். நம்பிக்கையும் வாழ்க்கைத் தேவையும் அவர்களின் முடிவில் கலந்தே இருந்தன. உபதேசியார்களுக்கான பயிற்சி மெதக்கில் அளிக்கப்பட்டது. கணவரோடு மனைவியரும் பயிற்சி பெற்றனர்.

பஞ்சமும் கட்டுமானமும்

சபையினர் தொகை பெருகியதும் பெரிய ஆலயம் கட்டத் திட்டமிடப்பட்டது. கட்டுமானம் நடந்த ஆண்டுகளில் முதல் உலகப்போரும் விலையேற்றமும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. பஞ்சம் பிழைக்க வந்தவர்களுக்குத் தானமாகச் சோறிடாமல் கல்லுடைத்தல், மண்சுமத்தல் முதலிய வேலைகளைத் தந்து உணவும் கூலியும் வழங்க பாஸ்நெட் முடிவெடுத்தார். இதனால் உழைப்புக்கு ஊதியம் மறுக்கப்பட்டுவந்த மக்கள் ஊதியம் பெற்றுக் கட்டிய கட்டடமாக இது அமைந்தது. ‘சோறு போட்ட கோயில்’ என்ற நினைவு இன்றும் சுற்றுவட்டார மக்களிடம் உண்டு.

கட்டட அமைப்பு

இங்கிலாந்தின் போல்டன் நகரைச் சேர்ந்த பிராட்ஷா காஸ் அண்டு ஹோப் நிறுவனம் கோதிக் பாணியில் இதை வடிவமைத்தது. ஆலயம் சுமார் 200 அடி நீளமும் 100 அடி அகலமும் கொண்டது. கோபுரத்தின் உயரம் 173 அடி. ஏறத்தாழ 5,000 பேர் ஒரே நேரத்தில் ஆராதனையில் கலந்துகொள்ளலாம். கோபுரம் சார்மினாரைவிட உயர்ந்துவிடும் என்று நிஜாம் தரப்பில் ஆட்சேபம் எழுந்ததாக ஒரு செவிவழிக் கதையும் வழங்குகிறது.

ஃபிராங்க் சாலிஸ்பரி வரைந்த மூன்று வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் ஆலயத்தின் சிறப்பு. பலிபீடத்துக்குப் பின்னுள்ள இயேசுவின் விண்ணேற்றம் 1927-லும், பிறப்பு 1947-லும், சிலுவைப்பாடு 1958-லும் பொருத்தப்பட்டன. சூரிய ஒளி ஊடுருவும் பகற்பொழுதில் மட்டுமே இவற்றை உள்ளிருந்து காணமுடியும். இருட்டியபின் உள்ளே எத்தனை விளக்கேற்றினாலும் உருவங்கள் புலப்படா.

திருச்சபை இணைப்பு

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைச் சேர்ந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் இதில் இணைந்தது. பேராயர் என்ற பதவி இல்லாத பிரிட்டிஷ் மெதடிஸ்ட் மரபில் வந்த மெதக் சபை, இந்த இணைப்பினால் ஒரு பேராயரின் இருக்கையாயிற்று. முதல் பேராயர் ஃபிராங்க் விட்டேக்கர். அமெரிக்க மிஷன் வழிவந்த மெதடிஸ்ட் சபைகள் இந்த இணைப்பில் சேரவில்லை. எனவே தெலங்கானாவில் அவை இன்றும் தனியாக உள்ளன.

இன்று

கிறிஸ்துமஸ் நாளிலும் ஞாயிறுகளிலும் பல சமயத்தவரும் இங்கு வருகின்றனர். 2024-ல் ஆலயத்தின் நூற்றாண்டு நிறைவடைந்தது. ஆலயத்தைக் கட்டியவர்களின் சந்ததியாருக்கு ஒரு பிரச்சினை மட்டும் தீரவில்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகப் பதிவுசெய்துகொண்ட தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. தெலங்கானாவில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோரில் ‘சி’ பிரிவில் வைக்கப்பட்டு, 1 விழுக்காடு ஒதுக்கீடு பெறுகின்றனர். இதனால் ஆலயத்தில் ஒரு பெயரும் அரசுச் சான்றிதழில் வேறொரு அடையாளமுமாக வாழும் குடும்பங்கள் பல.