வடசென்னை ராப்: கானா மேடையிலிருந்து ஹிப்ஹாப் வரை

வடசென்னை ராப் என்பது இராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளின் கானா மரபை ஒட்டி வளர்ந்த ஹிப்ஹாப் இசை. 2010களின் பிற்பாதியில் இது பரவலான கவனம் பெற்றது. பணமோ முறையான இசைக்கல்வியோ அதிகம் இல்லாத இளைஞர்கள் எந்தச் சமூக வளங்களைக் கொண்டு இசையைத் தொழிலாக்கினார்கள் என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

தொழிற்பகுதியும் கானாவும்

இராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. துறைமுகம், பின்னி ஆலை, பின்னர் எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலைகள் எனப் பகுதி விரிந்தது. இங்கே குடியேறிய உழைப்பாளிகளின் பாட்டு கானா. சாவு வீட்டில் இரவு முழுதும் பாடப்படுவது மரண கானா. இறந்தவரின் பெயர், தொழில், உறவுமுறை ஆகியவற்றை அங்கேயே பாட்டில் கோத்துப் பாட வேண்டும். தாளத்துக்குச் சொல்லை உடனுக்குடன் பொருத்தும் ராப் கலைஞரின் வேலையும் இதுதான். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஹிப்ஹாப் பிறந்ததாகக் கொண்டாடப்படும் 1973 ஆகஸ்ட் 11 நிகழ்வும் ஒரு குடியிருப்பு விருந்தே.

ஆகவே முதல் வளம் தெரு. கேட்பவர்கள், கற்றுத்தரும் மூத்த பாடகர்கள், சிறு கூலி ஆகிய மூன்றும் அங்கேயே கிடைத்தன. இராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி, இசைக்கலைஞரான தந்தையின் மேடைகளில் சிறு வயதிலேயே பாடத் தொடங்கினார். ஆண்களே நிறைந்திருந்த கானாவில் அவருக்கு வழி திறந்தது குடும்பம். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார்.

குழு தந்த மேடை

தெருவில் கிடைத்த பெயர் நகரம் முழுதும் செல்லாது. கானா பாடுவோர் மீதான சாதி இழிவு அதற்குப் பெரும் தடை. அதைத் தாண்ட நெடுங்காலம் இருந்த ஒரே வழி சினிமா. கானா பாலா 2012இல் பா. ரஞ்சித்தின் அட்டகத்தியில் பாடியபின் பரவலாக அறியப்பட்டார்.

ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவை உருவாக்கின. அயோத்திதாசர் பயன்படுத்திய ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லே பெயருக்கு மூலம். கானா பாடகர்கள், பறை, சட்டி வாசிப்பவர்கள், ராக் கலைஞர்கள், ராப் பாடகர்கள் எனப் பத்தொன்பது பேர் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதன்முறை மேடையேறினர். இசைவாணியும் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவும் அதில் இருந்தனர். பதிவுக்கூடம், ஒத்திகை இடம், பத்திரிகைத் தொடர்பு ஆகியவற்றைத் தனி ஒருவர் திரட்டுவது கடினம்; குழுவாக அது முடிந்தது. 2020இல் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழா இந்த மேடையை மேலும் அகலமாக்கியது.

பெயரும் பணமும்

அறிவு 2019இல் ஆஃப்ரோவுடன் இணைந்து ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில் தீ, அறிவு பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகெங்கும் பரவியது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் நினைவுகள் அறிவின் வரிகளுக்கு அடிப்படை. ஆனால் அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அவர் விடுபட்டது பெரும் விவாதமானது. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றிப் பாடல் அரங்கேறியபோது, பாட்டின் உரிமை யாருடையது என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. பாடலால் தமக்கு வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024இல் கூறினார்.

இவ்வரலாறு காட்டுவது ஒன்று. தெரு குரலைத் தருகிறது, குடும்பம் துணிவைத் தருகிறது, குழு மேடையைத் தருகிறது. பாடலின் உரிமையையும் வருமானத்தையும் தீர்மானிப்பது ஒப்பந்தத் தாள். அதைப் படித்துச் சொல்லும் வழக்கறிஞரும் கணக்கரும் சாவு வீட்டுப் பந்தலில் கிடைப்பதில்லை. வடசென்னையிலிருந்து அடுத்துப் பாட வருபவர்களுக்கு இன்னும் சேர வேண்டிய வளம் அதுவே.