தூக்குவது எண்ணெய், தாங்குவது இரும்பு

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் புல்லட்டுகள் மதுரைக்கும் வந்தன. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்தே மெக்கானிக்குகள் வேலை பார்த்தாங்க. இப்போ வீட்டு ஷெட்டுக்கே ஹைட்ராலிக் லிஃப்ட் வாங்குகிறோம்.

அதன் மூலம், 1795-ல் லண்டனில் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் பிரஸ். சின்ன பிஸ்டனில் கொடுக்கும் அழுத்தம் பெரிய பிஸ்டனில் பல மடங்கு விசையாகிறது. பிராமாவுக்கே கசிவுதான் தலைவலி. அவர் பட்டறையில் இருந்த ஹென்றி மாட்ஸ்லே தோல் சீல் வைத்து அதைத் தீர்த்தார் என்பார்கள்.

சீல் தேய்ந்தால் இன்றும் மேடை இறங்கிடும். கிளாசிக் 350-ன் எடை 195 கிலோ. அதனால் லிஃப்ட் வாங்கும்போது, உயர்த்தியபின் விழும் இரும்பு லாக் இருக்கான்னு முதலில் பாருங்க. லாக் விழாமல் வண்டிக்குக் கீழே கை வைக்காதீங்க.