வாழ்த்து மடலும் படகுப் பிறையும்

கொஞ்சம் நீண்ட பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

நோன்புப் பெருநாளை முன்னிட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு வாழ்த்து மடல் செய்தோம். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து செய்தார்கள். ஒரு பிள்ளை பிறையை நிமிர்த்தி வரையவில்லை. மல்லாந்து படுத்திருக்கிற மாதிரி, கடலில் மிதக்கும் வள்ளம் போல வரைந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "சேர், பிறை இப்படியா இருக்கும்?" என்று ஒருவன் கேட்டான். திருத்துவோம் என்று பென்சிலை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முதல் இந்த வாழ்த்து மடலின் கதையைச் சொல்ல வேண்டும்.

'மடல்' என்ற சொல்லைப் பாருங்கள். பனை மடல், தாழை மடல் என்று மரத்தில் இருக்கிற சொல்தான் கடிதத்துக்கும் பெயரானது. 'ஓலை வந்தது' என்றால் கடிதம் வந்தது என்று பொருள். ஓலையை அவித்து, நிழலில் உலர்த்தி, தேய்த்து அழுத்தமாக்கி, எழுத்தாணியால் கீறி, எழுத்துத் தெரிவதற்குக் கரி பூசினார்கள். ஆக, கையால் செய்த மடல் எங்களுக்குப் புதிய விசயம் இல்லை. பனை நிற்கிற தீவில் அது பழைய தொழில்.

செய்தி போய்ச் சேர்வதுதான் தீவுக்காரருக்கு எப்போதும் கஷ்டம். நெடுந்தீவு வைத்தியசாலைப் பக்கம் போனவர்கள் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டைப் பார்த்திருப்பீர்கள். தூது கொண்டுபோகப் புறா வளர்த்த இடம் என்று எங்கள் பெரியவர்கள் காட்டுவார்கள். கடல் நடுவில் இருந்தால் ஒரு சொல்லை அனுப்பவும் இறக்கை வேண்டும்.

பிறகு தபால் வந்தது. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி முத்திரை ஒட்டினால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்ற முறை தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1841இல், யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனின் 'உதயதாரகை' பத்திரிகை அச்சாகத் தொடங்கியது. இலங்கைக்கென்று முதல் தபால் முத்திரை வந்தது 1857இல். தபாலும் அச்சும் சேர்ந்தால் பிறக்கும் பிள்ளைதான் அச்சு வாழ்த்து அட்டை.

அது பிறந்தது 1843இல், லண்டனில். ஹென்றி கோல் என்பவர் அந்த ஒரு பென்னித் தபால் முறையைக் கொண்டுவர உழைத்தவர்களில் ஒருவர். தபால் மலிவானதும் நத்தாருக்கு அவருக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத நேரம் போதவில்லை. ஜோன் கோல்கொட் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து, ஏறத்தாழ 1000 பிரதி அச்சடித்தார். மிஞ்சியவை ஒன்று ஒரு சிலிங் விலைக்கு விற்கப்பட்டன. அந்த அட்டையில் இரண்டு விசயம் எனக்குப் பிடிக்கும். ஒன்று, கோடுகள்தான் அச்சு, வண்ணம் கையால் பூசியது. இரண்டு, நடுவில் ஒரு குடும்பம் விருந்து உண்கிறது, இரு பக்கமும் ஏழைக்கு உணவு கொடுப்பதும் உடை கொடுப்பதும் வரையப்பட்டிருக்கிறது. பெருநாள் தொழுகைக்கு முன் ஃபித்ரா கொடுத்துப் பழகிய எங்களுக்கு அந்தப் படம் அந்நியமாகத் தெரியாது.

ஈத் அட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாகூர், டில்லி, பம்பாய் நகரங்களில் உருது ஈத் அட்டைகள் விற்பனைக்கு வந்தன. ஐரோப்பாவில் அச்சான பூப்படம் போட்ட அட்டைகளை வாங்கி, அதன்மேல் உருதுக் கவிதை வரிகளை அச்சிட்டு விற்றவர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டில் சிவகாசி அச்சகங்கள் பொங்கல் வாழ்த்து அட்டைகளை மலிவாக அடித்துத் தள்ளின. படம் அழகு, விலை மலிவு. ஆனால் ஒரு சிக்கல். ஆயிரம் பேருக்கும் ஒரே படம், ஒரே வாசகம். பிறையும் ஒரே பிறை, நிமிர்ந்து நிற்கும் பிறை.

அச்சு இப்படிப் பெருகிய பிறகும் கைமடல் அழியவில்லை. தட்டுப்பாடும் பிரிவும் வரும்போதெல்லாம் அது திரும்பி வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் செக்கோசிலோவாக்கியாவில் யிட்கா சாம்கோவா என்ற ஏழு வயதுப் பிள்ளை, யுனிசெப் செய்த உதவிக்கு நன்றியாக ஒரு படம் வரைந்து அனுப்பினாள். வரையத் தாள் கிடைக்காததால் கண்ணாடித் துண்டில் வரைந்தாள் என்று சொல்வார்கள். பிள்ளைகள் கைகோர்த்து ஆடுகிற அந்தப் படம்தான் 1949இல் யுனிசெப்பின் முதல் வாழ்த்து அட்டையானது.

தாள் இல்லாத காலம் எங்களுக்கும் தெரியும். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணப் பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சானதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தீவக மக்கள் பெருமளவில் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். அதே ஆண்டு ஒக்ரோபர் மாதம் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒக்ரோபர் 30ஆம் திகதி சோனகதெருவிலிருந்து எங்கள் குடும்பமும் புறப்பட்டது. எனக்குப் பத்து வயது. இரண்டு மணித்தியாலம் அவகாசம்.

அடுத்த பெருநாளுக்குப் புத்தளத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். பெருநாள் கழிந்து சில கிழமைக்குப் பிறகு, வவுனியா வழியாக வந்த ஒருவர் உம்மாவின் கையில் ஒரு மடல் கொடுத்தார். புலமைப்பரிசில் வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்த தமிழ் நண்பன் அனுப்பியது. கொப்பி மட்டையை வெட்டி மடித்திருந்தான். கோதுமைமாப் பசையால் உள்ளே ஒரு கோட்டுத்தாள் ஒட்டியிருந்தான். வெளியே பள்ளிவாசல் மினாரா, அதற்கு மேல் பிறை. உள்ளே இரண்டே வரி: "பெருநாள் வாழ்த்துகள். உன்ர கணிதக் கொப்பி என்னட்ட இருக்கு, வந்து வாங்கு."

அந்தப் பிறை வள்ளம் போலப் படுத்திருந்தது. நானும் மச்சான்மாரும் சிரித்தோம். "பிறை கீறவும் தெரியாது" என்றோம். உம்மா மட்டும் சிரிக்கவில்லை. மடலை வாங்கி, குர்ஆன் வைக்கும் தட்டில் வைத்தார்.

பல வருடம் கழித்து இங்கே ஆசிரியராக வந்தேன். ஒரு மஃரிப் நேரம் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காக நின்றபோது மேற்கே தலைப்பிறை கண்டேன். கடலுக்கு மேல் மல்லாந்து படுத்திருந்தது, அச்சுப் பிசகாத ஒரு வள்ளம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பிறையின் ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியனைப் பார்க்கும். நாங்கள் பூமத்திய ரேகையிலிருந்து 10 பாகைக்குள் இருக்கிறோம். இங்கே சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கும். அதனால் பங்குனி, சித்திரை மாலைகளில் சூரியனுக்கு நேர் மேலே நிற்கும் பிறையின் அடிப்பக்கம்தான் ஒளிரும். வடக்கே போகப் போகப் பிறை சரிந்து நிற்கும். அச்சு அட்டையில் நாங்கள் பார்த்துப் பழகியது தூர தேசத்துப் பிறை. என் நண்பன் அட்டையைப் பார்த்து வரையவில்லை. தன் வீட்டு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து வரைந்திருக்கிறான்.

வகுப்பில் என் கை நின்றது இதனால்தான். அந்தப் பிள்ளையிடம், "நீ கண்டதைத்தான் கீறியிருக்கிறாய், அப்படியே இருக்கட்டும்" என்றேன். சிரித்த பிள்ளைகளிடம் அடுத்த தலைப்பிறையைப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொன்னேன்.

வீட்டில் பிள்ளைகளோடு செய்யப் போகிறவர்களுக்கு நாங்கள் செய்த முறை இது. ஒரு ஏ4 அளவு பிரிஸ்டல் போட்டைக் குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு மடல் வரும். மடிக்க முதல், நடுவில் அடிமட்டம் வைத்து, மை தீர்ந்த பேனையால் ஒரு கோடு அழுத்தி இழுங்கள். அப்போதுதான் மடிப்பு நேராக விழும், மட்டை வெடிக்காது. காய்ந்த குருத்தோலையைச் சிறு கீற்றுகளாக வெட்டி, பிறையாகவோ படகாகவோ பனையாகவோ ஒட்டுங்கள். பசை கொஞ்சம் போதும், கூடினால் மட்டை நெளியும். ஒட்டியதும் பாரமான புத்தகத்துக்குள் ஒரு இரவு வையுங்கள். வாசகத்தை வலைத்தளத்தில் தேட வேண்டாம். யாருக்கு அனுப்புகிறீர்களோ, அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு விசயத்தை எழுதுங்கள். ஒரு கணிதக் கொப்பியைப் பற்றி எழுதினாலும் போதும்.

வட்ஸ்அப்பில் வரும் பெருநாள் படங்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் வருகிறது, நானும் அனுப்புகிறேன். ஆனால் போன வருடம் வந்தவற்றில் ஒன்றையேனும் இன்று எடுத்துக் காட்ட என்னால் முடியாது. 1991இல் வந்த மடல் இன்னும் இருக்கிறது. மட்டை பழுத்துவிட்டது, பசை பூச்சி அரித்துவிட்டது, பிறை மட்டும் அப்படியே படுத்திருக்கிறது. நான் திரும்பி வந்தபோது அவன் குடும்பம் அந்த வீட்டில் இல்லை. கொப்பியை இன்னும் நான் வாங்கவில்லை.

எங்கள் ஊரில் இருந்து போனவர்களும் திரும்பி வந்தவர்களும் நிறைய. பொங்கலோ நத்தாரோ வெசாக்கோ பெருநாளோ, ஒரு மடல் செய்து, முத்திரை ஒட்டி, தபால் பெட்டியில் போடுங்கள். படகேறித்தான் போகும், சுணங்கித்தான் சேரும். பரவாயில்லை, சேரட்டும்.

அல்லாஹ் எல்லோரையும் ஒற்றுமையாக வாழ வைப்பானாக. உங்கள் வீட்டுப் பழைய மடல் ஏதும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.